ஒன்பதும் ஏழும் எட்டு எட்டான கதை

போன வாரம் என் மகள் செல்விக்குக் கல்யாணம். இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிற நண்பர்கள் சில பேருக்குப் பத்திரிகை அனுப்பியிருந்தேன். வந்து வாழ்த்தியவர்களுக்கும், வர முடியாமல் தந்தி அடித்தவர்களுக்கும் என் வணக்கம்.

ஒரு சின்ன வேண்டுகோள். அந்தப் பத்திரிகை வீட்டில் எங்காவது கிடந்தால் எடுத்துப் பாருங்கள். அரக்கு நிறம். மேலே இரண்டு அன்னம். நடுவில் கோபுரம். சுற்றிலும் புடவைக் கரை மாதிரி ஒரு கொடி. கீழே இடது பக்கம் பெண் வீட்டார் பெயர்கள், வலது பக்கம் மாப்பிள்ளை வீட்டார் பெயர்கள்... அழகாக இருக்கிறதா?

அதில் ஒரு தப்பு இருக்கிறது. சின்னத் தப்பு இல்லை — கல்யாணமே நின்றுபோயிருக்கக் கூடிய தப்பு. கண்டுபிடிக்க முடிகிறதா?

முடியாது. எங்கள் வீட்டில் பதினேழு பேர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தோம். பதினேழு பேரும் "பிரமாதம்!" என்றோம். அந்தப் பதினேழில் நானும் ஒருவன் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஏனென்றால் நான் எதையும் லேசில் நம்புகிறவன் இல்லை. பால்காரர் என் கண்ணெதிரே கறந்தாலும், முதலில் பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டச் சொல்வேன். கண்டக்டர் "காஞ்சிபுரம் போகும்" என்றால், டிரைவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் பஸ்ஸில் ஏறுவேன். தறிக்காரர் வீட்டிலேயே உட்கார்ந்து புடவை வாங்கினாலும், அசல் பட்டுதானா என்று ஒரு நூலைப் பிரித்துக் கொளுத்தி, முடி கருகுகிற நாற்றம் வருகிறதா என்று மோந்து பார்ப்பேன். பிறந்து வளர்ந்ததெல்லாம் இந்தக் காஞ்சிபுரம்தான். இருந்தாலும் பார்ப்பேன்.

அப்பேர்ப்பட்டவன் ஏமாந்தேன். யாரிடம் ஏமாந்தேன் என்பதுதான் இந்த வாரக் கதை.

பத்திரிகை அடிக்க வேண்டும் என்று முடிவானதும் முதலில் கன்னியப்பனிடம்தான் போனேன். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு சந்துக்குள் இருக்கிற அச்சகத்தில் கம்பாசிட்டர். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வரி வரியாக அடுக்கிப் பக்கம் கட்டுகிறவர். அந்த எழுத்துகளெல்லாம் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடவலம் மாறி இருக்கும். அதைக் கன்னியப்பன் நம்மைவிட வேகமாகப் படிப்பார். வருகிற ஆளைப் பார்ப்பதைவிட வருகிற தாளைப் பார்க்கிற மனிதர்.

நான் ஒரு தாளில் எல்லாப் பெயரையும் எழுதி, சிலதற்குக் கீழே கோடு போட்டு, 'பெரிய எழுத்து', 'சிறிய எழுத்து' என்று குறித்துக் கொண்டுபோயிருந்தேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"பெரிசா போடு, சின்னதா போடுனுலாம் எழுதாதீங்க சார். அந்த ஆளு யாருனு மட்டும் எழுதுங்க."

"யாருன்னா?"

"மாமாவா, சித்தப்பாவா, தெரிஞ்சவரா? பேருக்கு நேரா ஓரத்துல 'மா', 'சி', 'தெ'னு ஒரு எழுத்து போட்டா போதும். பொண்ணுக்கு மாமான்னா இந்த டைப்பு, இந்த இடம். சித்தப்பான்னா இது. தெரிஞ்சவர்னா கடைசி. எந்த வீட்டுக் கல்யாணமா இருந்தாலும் எங்கிட்ட ஒரே கணக்குதான்."

"அப்ப எப்படி வரும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"புரூஃப் போட்டா தெரியும்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி எனக்கே தெரியாது சார்."

ஒரு சந்தேகப் பிராணியிடம் சொல்லக்கூடிய பதிலா இது? செய்கிறவருக்கே எப்படி வரும் என்று தெரியாதாம். நான் ஓரத்தில் ஒற்றை எழுத்தைப் போட்டுவிட்டு, சாமியைக் கும்பிட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டுமாம்!

அதோடு எனக்குப் பழைய சம்பவம் ஒன்றும் ஞாபகம் வந்தது. போன வருஷம் என் நண்பர் ஒருவர் தன் அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு இதே கன்னியப்பனிடம் பத்திரிகை கொடுத்தார். அப்பா பெயர் ரொம்ப மேலே போய்விடப் போகிறதே என்று, பெயருக்குப் பக்கத்தில் 'இவரை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கவும்' என்று எழுதிக் கொடுத்தார். பத்திரிகை அச்சாகி வந்தது. அப்பா பெயர் தடித்த எழுத்தில். அதற்கு அடுத்த வரியில், அதே தடித்த எழுத்தில்: 'இவரை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கவும்.'

புரூஃபை நண்பர் பார்க்கவில்லையா? பார்க்கவில்லை. சொந்தக்காரர் ஒருவரிடம் பார்க்கச் சொல்லியிருக்கிறார். இதைப் பற்றிக் கன்னியப்பனைக் கேட்டால், அவருக்குக் கொஞ்சமும் கூச்சம் இல்லை.

"கோடு கிழிச்சி ஒதுக்கி எழுதணும் சார். கோட்டுக்கு அந்தாண்ட இருந்தா அது எனக்குச் சொல்றது. இந்தாண்ட இருந்தா அது அச்சுக்குப் போற மேட்டரு. மேட்டர்ல கை வைக்க நான் யாரு?"

இந்த நியாயத்தைக் கேட்ட பிறகு அங்கே நிற்க எனக்குப் பயமாக இருந்தது. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அப்போதுதான் ஏகாம்பரம் வந்து சேர்ந்தார். அவருக்கு வேலை புடவைக்கு டிசைன் போடுவது. கட்டம் போட்ட தாளில் அவர் மாங்காயும் யாளியும் வரைந்து கொடுக்க, அதைப் பார்த்துத் தறியில் கரை விழும். சமீபகாலமாகக் கல்யாணப் பத்திரிகையும் வரைகிறார். பெரிய வெள்ளைத் தாளில், கறுப்பு மையில், படம், எழுத்து எல்லாவற்றையும் கையாலேயே எழுதிவிடுவார். அதைச் சென்னைக்கு அனுப்பிப் போட்டோ பிடித்து, அப்படியே ஒரே தகடாகப் பிளாக் எடுத்து வருவார்கள். அச்சுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"நீங்க கண்ணால பாக்கறதுதான் சார் காயிதத்துல வரும். ஒரு புள்ளி மாறாது" என்றார்.

எனக்கு வேறென்ன வேண்டும்? யாரையும் நம்ப வேண்டாம். ஓரத்தில் எழுத வேண்டாம். கோட்டுக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்ற கவலை வேண்டாம். கண்ணால் பார்த்துவிட்டுச் 'சரி' சொன்னால் போதும். கண்ணைவிட நம்பகமான சாட்சி உண்டா?

பெயர்ப் பட்டியலைக் கொடுத்தேன். எங்கள் பக்கம் ஒன்பது பேர், ஆரணியில் இருக்கிற மாப்பிள்ளை பக்கம் ஏழு பேர். பத்து நாளில் படம் வந்துவிட்டது. வீடே கூடிவிட்டது. அன்னத்தின் கழுத்தைப் பாரு, கோபுரத்தைப் பாரு, கொடியைப் பாரு... ஆளாளுக்குத் தன் பெயரைத் தேடினார்கள். கிடைத்ததும் அடுத்த கைக்குக் கொடுத்தார்கள். என் மனைவி விசாலாட்சி தன் அண்ணன் பெயரைத் தேடி, கண்டுபிடித்து, திருப்தியாகச் சமையலறைக்குப் போனாள்.

நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே பூதக்கண்ணாடிதான். அரை மணி நேரம் பார்த்துவிட்டு, ஏகாம்பரத்தின் கையைக் குலுக்கினேன்.

பிளாக் வந்தது. அச்சடிக்க மெஷின் வேண்டுமே! அதே கன்னியப்பன் இருக்கிற அச்சகத்தில்தான் கொடுக்க வேண்டியிருந்தது. கன்னியப்பன் தகட்டை வாங்கி மெஷின் பக்கம் வைத்தார். மறுநாள் ஐந்நூறு பத்திரிகையும் கட்டாகக் கட்டி வைத்திருந்தார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். முதல் பத்திரிகை பெருமாள் பாதத்தில். இரண்டாவது பெண்ணின் தாய்மாமனுக்கு. அதற்குப் பிறகுதான் மற்றவர்கள். அதன்படி நானும் விசாலாட்சியும் தட்டு, வெற்றிலை பாக்கு, வாழைப்பழத்தோடு தாமலுக்கு பஸ் ஏறினோம்.

தாமலில் இருப்பவர் விசாலாட்சியின் அண்ணன் தாமோதரன். ஏரிப் பாசனத்தில் நிலம். செல்வி பிறந்த ஆறாம் மாதம் விசாலாட்சிக்கு விஷ ஜுரம் வந்து, பிழைப்பாளா என்றே தெரியாமல் கிடந்தாள். குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனவர் அவர்தான். நாலு வயது வரை செல்வி வளர்ந்தது அவர் தோளில். ஏரிக்கரை முழுக்க அவளைச் சுமந்துகொண்டு நடப்பார். அவள் முதலில் பேசிய வார்த்தை 'மாமா'. 'அப்பா' இல்லை.

அதில் எனக்கு அந்தக் காலத்திலேயே கொஞ்சம் பொறாமை உண்டு. அது அவருக்கும் தெரியும்.

மச்சான் தட்டை வாங்கி வைத்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டினார். பத்திரிகையை விரித்து, விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தார். இடது பக்கப் பெயர்களை மேலிருந்து கீழே ஒரு முறை படித்தார். மறுபடி ஒரு முறை படித்தார். பிறகு விரல் வலது பக்கம் போனது. கடைசி வரிக்கு வந்து அங்கேயே நின்றது.

"ஜோரா இருக்குது மாப்ள. அன்னம் நல்லா வந்துருக்குது" என்றார்.

"எல்லாம் சரிதானே மச்சான்?"

"சரிதான். ஆரணி கல்யாண பஸ்ஸு ஆற்காட்டு மேல இந்த வழியாத்தானே வரும்? நான் அதுல ஏறி வந்துடறேன். நீங்க சிரமப்படாதீங்க."

நல்ல யோசனை என்று நான் தலையாட்டினேன். ஆனால் 'நீங்க' என்ற சொல் மட்டும் எங்கேயோ உறுத்தியது. இருபத்திரண்டு வருஷமாக என்னை 'நீ' என்று கூப்பிடுகிற மனிதர் அவர். வாசல் வரை வந்து வழியனுப்புகிறவர், அன்றைக்கு எழுந்திருக்கவே இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் விசாலாட்சி பையிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்து விரித்தாள். அவள் முகம் மாறியது.

"இன்னாங்க இது? எங்கண்ணன் மாப்பிள்ளை வீட்டு ஆளா?"

வாங்கிப் பார்த்தேன். வலது பக்கம். மாப்பிள்ளை வீட்டார். ஏழு ஆரணிப் பெயர்கள். எட்டாவதாக — தாமல் தாமோதரன்.

"நீயும்தானே பார்த்தே?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

"பேரு இருக்குதானு பாத்தேன். எந்தப் பக்கம் இருக்குதுனா பாத்தேன்!" என்றாள். அப்புறம் ஊர் வந்து சேரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டு அழுதாள்.

வெளியூர் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடுகளில் முகூர்த்தத்துக்கு முன்னால் பெண்ணின் நெற்றியில் தாய்மாமன் பட்டம் கட்ட வேண்டும். அதைக் கட்டினால்தான் தாலிக்கு வழி. பட்டத்தைக் கொண்டுவர வேண்டியவரும் அவர்தான். கூடப்பிறந்த மாமன் ஒருவர் உயிரோடு இருக்கும்போது வேறு யாரையாவது கட்டச் சொன்னால், அந்தக் குடும்பம் அதோடு இரண்டாகப் போய்விடும். வளர்த்த மாமனைத் தூக்கி எதிர்ப் பக்கம் போட்டு, அதை அச்சடித்து, வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன் நான்!

வேண்டுமென்றே செய்தேன் என்றுதானே நினைப்பார்? நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.

மறுநாள் காலையில் ஏகாம்பரம் வீட்டு வாசலில் நின்றேன். ராத்திரி முழுக்க எனக்குள் ஒரு விசாரணைக் கமிஷன் நடந்திருந்தது. ஆரணிக்காரர்கள் சொல்லி மாற்றினாரா? மச்சானுக்கும் இவருக்கும் ஏதாவது பழைய பகை இருக்குமா? யார் தூண்டிவிட்டது?

ஏகாம்பரம் சிரித்த முகத்தோடு வந்தார்.

"ஆமா சார், நான்தான் மாத்தினேன். ஒரு பக்கம் ஒம்பது, ஒரு பக்கம் ஏழுன்னா கரை கோணிக்கினு போவுதே! ஒருத்தரை இந்தாண்ட எடுத்து வெச்சேன். எட்டும் எட்டும். இப்ப பாருங்க, எவ்ளோ சுத்தமா இருக்குது!"

"ஒரு பக்கம் பெரிய கரை, ஒரு பக்கம் சின்னக் கரைனு புடவையே இருக்குதே ஐயா!"

"அது டிசைனு சார். பாத்தாலே வேணும்னு பண்ணதுனு தெரியும். ஒம்பதும் ஏழும்னா, பாக்கறவங்க தப்புனுதானே சொல்வாங்க?"

"அவர் பொண்ணுக்குத் தாய்மாமன்!"

"அது எனக்கு இன்னா தெரியும்? ஊரும் பேரும்தானே எழுதிக் குடுத்தீங்க? நான் யாரையும் விட்டுடலையே சார்... பதினாறு பேரும் இருக்காங்க, எண்ணிப் பாருங்க."

எண்ணினேன். பதினாறு பேரும் இருந்தார்கள். அந்த மனிதர்மேல் கோபப்படக்கூட முடியவில்லை. காஞ்சிபுரத்தில் முப்பது வருஷம் புடவைக் கரை போட்ட கை, வேறு எப்படிப் போகும்?

அங்கிருந்து நேராகக் கன்னியப்பன். தகட்டில் அந்த ஒரு பெயரை மட்டும் மாற்ற முடியுமா என்று கேட்டேன்.

"டைப்பா இருந்தா ஒரு வரியை உருவி இந்தாண்ட வெச்சிடுவேன், அஞ்சு நிமிசம். இது ஒரே தகடு சார். தகட்டுக்குள்ள பூந்து ஒரு ஆளைக் கையப் புடிச்சி இஸ்துக்கினு வர முடியுமா?"

"நீங்கதானே அச்சடிச்சீங்க? படிச்சுப் பார்த்திருக்கலாமே!"

"நீங்க குடுத்தது படம் சார். படத்தை யாராவது படிப்பாங்களா?"

இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஈயத்தில் இடவலம் மாறிக் கிடக்கிற எழுத்தை ஓட்டமாகப் படிக்கிற ஆள், ஐந்நூறு தாள் கையால் எடுத்து அடுக்கியும் ஒன்றையும் படிக்கவில்லையாம். என் தாளை நான் மடித்து எடுத்துக்கொண்டு போன கோபமோ? தெரிந்தே விட்டுவிட்டாரோ? எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

ஆனால் அவர் ஒரு வழி சொன்னார். "உக்காந்து மேட்டர் எழுதிக் குடுங்க. யார் யாருக்கு இன்னா முறைனு ஓரத்துல போடுங்க. மதியத்துக்குள்ள கம்போஸ் பண்ணி வேற பத்திரிகை அடிச்சித் தர்றேன். அன்னம் வராது. மாமா வருவாரு."

நல்ல வழி. நான் கேட்டேனா? கேட்கவில்லை. ஒரே கல்யாணத்துக்கு இரண்டு பத்திரிகை என்றால் ஆரணியில் என்ன நினைப்பார்கள்? முதல் பத்திரிகையில் என்னத்தை மறைக்கப் பார்க்கிறார்கள் என்று நினைப்பார்கள். ஊரெல்லாம் என்னை மாதிரியே இருக்கும் என்பதுதான் என் எண்ணம். அதனால் மச்சானுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினேன் — டிசைனர், கரை, ஒன்பது, ஏழு, எல்லாம் விளக்கமாக. பதில் இல்லை. விசாலாட்சி தனியாகத் தாமலுக்குப் போய்விட்டு வந்தாள்.

"என்ன சொன்னார்?"

"ஒண்ணியும் சொல்லல. அண்ணன் சிரிச்சிக்கினே இருக்குது. அதான் எனக்கு பயமா இருக்குது."

கல்யாணத்துக்கு மீதி இருந்த நாட்களில் வேலைக்கு நடுவே இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். கன்னியப்பன் என்னிடம் கேட்டது, 'இவர் யார்?' என்று. ஏகாம்பரம் பார்த்தது, 'இவர் எங்கே நின்றால் நன்றாக இருக்கும்?' என்று. ஒருவர் கேட்ட கேள்வி எனக்குத் தொந்தரவாக இருந்தது. இன்னொருவர் கேள்வியே கேட்கவில்லை, அதனால் பிடித்துப்போய்விட்டது!

இன்னொன்றும் தோன்றியது. ரேஷன் கார்டை யாராவது அழகு என்று சொல்லிக் கேட்டிருக்கிறோமா? ஆனால் அதில் ஒரு எழுத்து விடாமல் படிக்கிறோம். கன்னியப்பன் தருகிற புரூஃபும் அப்படித்தான். மை அப்பிய நீளத் தாள், ரசிக்க அதில் ஒன்றுமே கிடையாது. வேறு வழியில்லாமல் படித்துத்தான் ஆக வேண்டும். படமாகக் கொடுத்தால்? பார்க்கிறோம். பார்த்துவிட்டால் படித்துவிட்ட மாதிரியே இருக்கிறது. அங்கேதான் ஏமாறுகிறோம்.

இதனால் கன்னியப்பன் கட்சிக்கு நான் மாறிவிட்டதாக நினைக்க வேண்டாம். பெரியவரைக் 'கீழே இறக்கிய' மனிதர் அவர். இரண்டு பேரையும் நான் நம்பவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். சத்திரத்து வாசலில் பன்னீர், சந்தனம், கற்கண்டோடு நாங்கள் நிற்க, ஆரணி பஸ் வந்து நின்றது. சம்பந்தி இறங்கினார். மாப்பிள்ளை இறங்கினார். மூன்றாவதாக, புது வேட்டியும் ஜரிகைத் துண்டுமாக என் மச்சான் இறங்கினார்.

நேரே என் முன்னால் வந்து கையை நீட்டினார். "சம்பந்தி வீட்டுக்காரங்களுக்குச் சந்தனம் குடுக்கறதில்லீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சந்தனக் கிண்ணத்தை நீட்டினேன்.

சம்பந்தி என்னைத் தனியாக இழுத்துப்போய்ச் சொன்னார்: "தாமல்ல வண்டியைக் கை காட்டி நிறுத்தினாருங்க. பத்திரிகையைக் காட்டி, நான் உங்க பக்கம்னாரு. பாத்தா நெஜமாவே எங்க பக்கத்துல இருக்குது! எங்க வீட்டுல ஒவ்வொருத்தரும், வேற யாருக்கோ சொந்தம்போலனு இருந்துட்டோம்."

ஆக, ஆரணியிலும் யாரும் படிக்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் பூரா மச்சான் மாப்பிள்ளை வீட்டு வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். காபி ஆறிப்போச்சு என்றார். மாற்றிக் கொடுத்தேன். வெந்நீர் வரவில்லை என்றார். நானே தூக்கிக்கொண்டு போனேன். ஒவ்வொன்றுக்கும் 'நீங்க', 'வாங்க', 'சம்பந்தி'... அந்த மரியாதை சுட்டது. விசாலாட்சி தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். செல்வி மட்டும் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. மாமா எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதை அவள் பார்த்துவிட்டாள் என்று எனக்குத் தெரியும்.

விடிந்தது. முகூர்த்த நேரம் நெருங்கியது. செல்வி மணையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"பொண்ணுக்குத் தாய்மாமா யாரு? வந்து பட்டம் கட்டச் சொல்லுங்கோ" என்றார் ஐயர்.

யாரும் எழுந்திருக்கவில்லை. மாப்பிள்ளை பக்கத்து ஜமக்காளத்தில் மச்சான் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் ஒன்றும் இல்லை. பட்டம் கொண்டுவந்திருக்கிறாரா என்றே யாருக்கும் தெரியாது. நேற்றுச் சிரித்தவர்கள் இன்று சிரிக்கவில்லை. ஐயர் இரண்டாவது முறை கூப்பிட்டார். நாதஸ்வரக்காரர் என்னைப் பார்த்தார். செல்வியின் தோள் குலுங்குவது தெரிந்தது.

நான் இறங்கிப்போய் மச்சான் முன்னால் உட்கார்ந்தேன்.

"மச்சான், அந்த டிசைனர் ரெண்டு பக்கமும் சமமா வரணும்னு..."

"அதான் லெட்டர்ல எழுதிட்டீங்களே." குரல் தாழ்ந்துதான் இருந்தது. "அச்சுக்குப் போறதுக்கு முந்தி அது உங்க கைக்கு வந்துதா, இல்லியா?"

"வந்தது."

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அப்ப தெரிஞ்சிதான் போட்டீங்க."

இந்தக் கேள்விக்கு என்னிடம் பத்துப் பதில்கள் தயாராக இருந்தன. கரை, தகடு, கன்னியப்பனின் கோபம், ஆரணிக்காரர்களின் அலட்சியம். கமிஷன் அறிக்கையே மனப்பாடம். ஆனால் மணையில் அந்தப் பெண் குலுங்குவதைப் பார்த்தபோது வாயில் வந்தது இதுதான்:

"எம் பேரை மட்டும்தான் பாத்தேன் மச்சான். பூதக்கண்ணாடி வெச்சி, எம் பேருக்குப் பின்னால பி.ஏ. இருக்குதா, அதுக்குப் புள்ளி இருக்குதானு பாத்தேன். வேற யார் பேரையும் நான் படிக்கவே இல்ல."

அவ்வளவு பேர் முன்னால் எனக்கு அப்படி ஒரு அவமானம் அதுவரை வந்ததில்லை. பொய் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்காது.

"இத நம்பலாம்" என்றார். "உன்னை எனக்குத் தெரியாதா?"

'உன்னை' என்றதும் என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் மறைக்கவில்லை.

மச்சான் எழுந்தார். இடுப்பு வேட்டி மடிப்பை அவிழ்த்தார். உள்ளே மஞ்சள் துணியில் ஒரு சின்ன முடிச்சு. பட்டம். தாமலில் பஸ் ஏறும்போதே கொண்டுவந்திருக்கிறார்! அதை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தார். செல்வி நிமிர்ந்து "மாமா" என்றாள், அவ்வளவுதான். முதல் தடவை முடிச்சு விழவில்லை. விசாலாட்சி பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, இரண்டாவது தடவைதான் கட்டினார்.

தாலி ஏறியது. முதல் பந்தி மாப்பிள்ளை வீட்டாருக்கு. போய்ப் பார்த்தால், நடு இலையில் மச்சான்!

"மச்சான், இது அவங்க பந்தி..."

"பத்திரிகையைப் பாரு மாப்ள. அச்சுல இருக்குது" என்றார்.

அடுத்த பந்தி பெண் வீட்டாருக்கு. விசாலாட்சிக்குப் பக்கத்து இலையில் மறுபடியும் அவரே உட்கார்ந்தார். இப்போது யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் யாருக்கு இருக்கிறது?

இரண்டு பந்தியிலும் அவர் இலைக்குப் பாயசம் ஊற்றியவன் நான்தான். வேறு யாரையும் நம்பி அந்த வாளியைக் கொடுக்கவில்லை.